வைக்கோலை அறிந்த வயிறு

 

இம்மாதம் உங்களிடம் பேச விரும்புவது நம் வீட்டு வாசலில் கட்டப்படும் ஆட்டின் வயிற்றைப் பற்றி. கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கு ஆட்டு வயிற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாளிச் சோறுதான் எனக்கு அந்த வேலையைத் தந்தது.

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17-ஆம் நாள் வந்தது. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், எங்கள் தெருவில் தையல் தைத்துப் பிழைக்கும் லாத்தா ஒருவர், ஓராண்டுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சந்தையிலிருந்து ஒரு கிடா வாங்கி வந்தார். இராமநாதபுரத்து மேய்ச்சல் காட்டில் வளர்ந்த கொடி ஆடு. நெடிய கால்கள், ஒட்டிய வயிறு, வெண்மையில் கருமை தெளித்த உடல். கரும்போரை என்பார்களே, அந்த இனம். கணவரை இழந்த அந்த லாத்தா தம் வாழ்நாளில் கொடுக்கவிருந்த முதல் குர்பானி அது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், ஒரு நிக்காஹ் வீட்டு விருந்துச் சோறு எங்கள் மதரஸாவுக்கு வந்தது. பிள்ளைகள் வயிறார உண்ட பிறகும் அண்டாவில் மீந்திருந்தது. உணவை வீணாக்குவது நமக்கு ஆகுமா? ஓதும் பிள்ளைகள் இருவரிடம் ஒரு வாளி நிறையச் சோற்றைக் கொடுத்து, லாத்தா வீட்டு ஆட்டுக்கு வைத்துவிட்டு வருமாறு நான்தான் அனுப்பினேன். ஆடு ஆவலோடு தின்றதாம். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை ஆடு எழவில்லை. இடப்பக்கத்து வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அசை போடுவது நின்றுவிட்டது. புளித்த வாடையோடு கழிந்தது. அதற்கு அடுத்த நாள் இரவில் இறந்துபோயிற்று.

செய்தி கேட்டுப் போனேன். வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். யாரோ வைத்த வினை என்றார் இன்னொருவர். லாத்தா கதவுக்குப் பின்னால் நின்றபடி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஹஜ்ரத், என் குர்பானி வேண்டாம்னு அல்லாஹ் திருப்பிட்டானா?”

நான் ஸப்ரைப் பற்றிச் சொன்னேன். நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு என்றேன். இரண்டும் உண்மையே. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அவை விடையல்ல என்பது, மறுநாள் கால்நடை மருத்துவரிடம் பேசிய பிறகே எனக்கு விளங்கிற்று. ஆடு எங்கிருந்து வந்தது, என்ன தின்றது என்று இரண்டே கேள்விகள் கேட்டார். “காய்ஞ்ச காட்டிலிருந்து வந்த ஆடு. வாளிச் சோறு. வேற காரணம் தேட வேண்டாம்” என்று முடித்துக்கொண்டார்.

சோறு எப்படி உயிரைக் குடிக்கும்? அதைப் புரிந்துகொள்ள, கோடை முழுதும் காய்ந்த சருகையும் முள்ளையும் தின்று அந்த ஆடு எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

குர்பானி நாளில் குடல் கழுவிய தாய்மார்களுக்கு ஆட்டு வயிற்றின் அமைப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. துவாலையின் நூற்பூவைப் போன்ற பெரிய துண்டு ஒன்று. தேன்கூட்டைப் போல அறை அறையாக அமைந்த சிறு துண்டு ஒன்று. புத்தக ஏடுகளை அடுக்கினாற்போன்று மற்றொன்று. அதைக் கழுவி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். கடைசியாக வழவழப்பான நான்காவது ஒன்று. இவை நான்கும் சேர்ந்ததே அசைபோடும் பிராணியின் வயிறு. நம் வயிற்றைப் போன்றது அந்த நான்காவது மட்டும்தான். மற்ற மூன்றும் நமக்கு அருளப்படவில்லை.

துவாலை போன்ற அந்த முதல் வயிற்றை மருத்துவர்கள் ரூமன் என்பர், அரபியில் கரிஷ். வளர்ந்த ஆட்டில் அது பத்து லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில் செரிமானத்தைச் செய்வது ஆடு அன்று. புல்லின் நாரை உடைக்கும் ஆற்றல் எந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது. அதைச் செய்வன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவ்வயிற்றுச் சாற்றில் ஒரு மில்லி லிட்டரை எடுத்தால், அதில் ஏறத்தாழ ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பெரிய ஒரணு உயிர்கள் இலட்சக் கணக்கில் நீந்தும். காற்றில்லாத இடத்தில் வாழும் காளான்களும் அங்கே உண்டு என்பதை 1975-ஆம் ஆண்டுதான் காலின் ஆர்பின் என்ற ஆங்கில ஆய்வாளர் தெளிவுபடுத்தினார். அதுவரை அவற்றை வேறு ஏதோ உயிர் என்றே எண்ணியிருந்தார்கள்.

இந்த நுண்ணுயிர்கள் நாரை உடைத்துப் புளிக்கவைத்துச் சில மெல்லிய அமிலங்களாக மாற்றுகின்றன. துவாலைப் பூக்கள் அவ்வமிலங்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. ஆட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இவ்வழியாகவே கிடைக்கிறது. அதோடு முடியவில்லை. வேலை செய்த நுண்ணுயிர்கள் சாற்றோடு அடித்துச் செல்லப்பட்டு நான்காம் வயிற்றை அடைந்ததும் அங்கே செரிக்கப்பட்டு ஆட்டுக்குப் புரதமாகின்றன. விருந்தாளியாக வந்தவர்களே விருந்தாகியும் விடுகிறார்கள்!

இங்கே அரபு ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். சூரத்துந் நஹ்லின் 66-ஆம் வசனம், கால்நடைகளின் வயிற்றுக்குள்ளிருந்து பால் புறப்படுவதில் நமக்குப் படிப்பினை இருப்பதாகக் கூறுகிறது. அங்கே வரும் ‘ஃபர்ஸ்’ என்ற சொல்லைச் சாணம் என்றே பெரும்பாலும் தமிழில் பெயர்க்கிறோம். அரபு அகராதிக்காரர்களோ, கரிஷுக்குள் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு அந்தப் பெயர் என்று வரையறுக்கிறார்கள். பாலுக்கும் இரத்தத்துக்கும் மூலமாகும் அந்த வயிற்றுக் கலவையைத்தான் நாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுகள் அந்த வசனத்தை ஓதிக்கொடுத்தும் இந்த நுட்பத்தை நான் நின்று கவனித்ததில்லை.

இனிக் கோடைக்கு வருவோம்.

நம் தென்மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைக்கும் புல், தை மாதம் வரை பசுமையாக இருக்கும். பங்குனி, சித்திரையில் எஞ்சுவது வெறும் தாள். பசும்புல்லில் சர்க்கரையும் புரதமும் உண்டு. காய்ந்த தாளில் இருப்பது பெரும்பாலும் நார். வைக்கோலை எடுத்துக்கொண்டால், அதில் புரதம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான். தீவனத்தில் புரதம் ஏறத்தாழ ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அவை சோர்ந்தால் நார் உடையாது. நார் உடையாவிட்டால் வயிறு காலியாகாது. காலியாகாத வயிற்றோடு ஆடு பட்டினி கிடக்க நேரிடும். வைக்கோற்போருக்கு நடுவே நின்றுகொண்டே பசியால் சாகும் நிலை அது.

அப்படிச் சாகாமல் அது கோடையைக் கடப்பது எப்படி? முதலாவதாக, தொட்டியின் குடிமக்கள் மாறுகிறார்கள். சர்க்கரையையும் மாவையும் உண்ணும் நுண்ணுயிர்கள் குறைந்து, நாரை உடைக்கும் இனங்கள் பெருகுகின்றன. இந்த மாற்றம் ஓரிரவில் நடப்பதில்லை. வாரக் கணக்கில் நடக்கிறது. மழைக்காலத்திலிருந்து கோடைக்குப் புல் மெல்ல மெல்லக் காய்வதால் குடிமக்களுக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாக வரச்செய்தவனின் ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள்!

இரண்டாவதாக, தீவனம் வயிற்றில் தங்கும் நேரம் நீள்கிறது. ஆடு அதிக நேரம் அசை போடுகிறது. அசை போடப் போட உமிழ்நீர் ஊறுகிறது. ஒரு பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும் என்றால் நம்புவீர்களா? ஆட்டுக்குப் பல லிட்டர். அந்த உமிழ்நீரில் நம் சமையல் சோடாவை ஒத்த காரப்பொருள் கலந்திருப்பதால், வயிற்றில் ஊறும் அமிலம் மிகாமல் சமநிலையில் நிற்கிறது. சருகு தின்னும் ஆட்டுக்கு வயிறு புளிப்பதே இல்லை.

மூன்றாவது மாற்றத்தைக் குடல் கழுவும் தாய்மார்கள் கண்ணாலேயே காணலாம். நல்ல தீவனம் தின்ற ஆட்டின் துவாலைப் பூக்கள் நீண்டு அடர்ந்திருக்கும். நாட்கணக்கில் எளிய தீவனத்தில் வாழ்ந்த ஆட்டுக்கு அவை குட்டையாகிவிடும். உறிஞ்ச வேண்டிய சத்து குறைவு. அதற்கு ஏற்ற அளவுக்கு மட்டும் உறிஞ்சும் பரப்பு. மீண்டும் நல்ல தீவனம் கிடைத்தால் அவை வளரும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் வேண்டும். இதை நினைவில் வையுங்கள். நம் வாளிச் சோற்றுக்கு இது தேவைப்படும்.

நான்காவதுதான் என்னை வியப்பின் உச்சிக்கே கொண்டுபோனது. நாம் உண்ணும் புரதத்தின் கழிவு யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. நமக்கு அது வெறும் கழிவு. அசைபோடும் பிராணிக்கோ அது வறட்சிக் காலச் சேமிப்பு. தீவனத்தில் புரதம் குறையும்போது அதன் சிறுநீரகம் யூரியாவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அந்த யூரியா உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மீண்டும் முதல் வயிற்றுக்குள் வந்து சேர்கிறது. நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு தம் உடலைக் கட்டுகின்றன. அவ்வுடல்களே பிறகு ஆட்டுக்குப் புரதமாகின்றன. கழிவாகப் போக வேண்டியது இவ்வாறு சுற்றிச் சுற்றி உணவாகிறது.

1953, 54-ஆம் ஆண்டுகளில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் அல்ஜீரியாவின் சஹாராப் பகுதியில், பனீ அப்பாஸ் என்ற பாலைவனச் சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார்கள். புரதம் குறைந்த தீவனத்தில் இருந்த ஒட்டகத்தின் சிறுநீரில் யூரியா மிகச் சொற்பமாகவே வெளியேறுவதைக் கண்டு 1957-இல் அதை எழுதினார்கள். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா எனத் திருமறை கேட்கிறது. பாலைவனத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் பிறராக இருந்துவிட்டார்கள். அது நம் குறை. பின்லாந்து நாட்டு நோபல் பரிசாளர் ஆர்த்தூரி விர்த்தனன், புரதமே இல்லாத தீவனத்தோடு பெரும்பாலும் யூரியாவையே நைட்ரஜனுக்காகக் கொடுத்தும் பசுக்கள் பால் கறப்பதை 1960-களில் மெய்ப்பித்துக் காட்டினார். (இதைப் படித்துவிட்டு யாரும் உரச் சாக்கிலிருந்து யூரியாவை அள்ளி ஆட்டுக்கு வைத்துவிடாதீர்கள். அளவு சற்று மிஞ்சினாலும் அது நஞ்சு.)

உணவு இப்படி என்றால், தண்ணீர்? சினாய், நகப் பாலைவனங்களில் அரபு பதூயீன் மக்கள் வளர்க்கும் கறுப்பு வெள்ளாடு உருவில் சிறியது. மேய்ச்சலுக்காக நெடுந்தூரம் போகும் அந்த ஆடு, இரண்டு முதல் நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர்த் துறைக்கு வருகிறது. அதற்குள் தன் எடையில் கால்பங்குக்கு மேலும் இழந்துவிடுகிறது. மனிதன் அதில் பாதியை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. துறைக்கு வந்ததும் சில நிமிடங்களில், இழந்த நீரை எல்லாம் ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கிறது. அவ்வளவு நீரும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் இரத்த அணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஆனால் அது கலப்பதில்லை. நீர் முதல் வயிற்றிலேயே தங்கி, அங்கிருந்து தேவைக்கேற்பச் சிறுகச் சிறுக உடலுக்குள் செல்கிறது. ஒட்டகம் வயிற்றில் தண்ணீரைச் சேமிக்கிறது என்று நாம் சிறுவயதில் படித்தது சரியன்று என மேற்சொன்ன ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது வேடிக்கையாக வெள்ளாட்டின் விஷயத்தில் உண்மையாயிற்று!

தீவனம் பாதியாகக் குறைந்தாலும் இந்த ஆடுகள் தம் உடலின் செலவையே குறைத்துக்கொண்டு, சில நாள் இளைத்தபின் எடை குறையாமல் நின்றுவிடுகின்றன. வருமானம் குறைந்த மாதத்தில் அடுப்புச் செலவைச் சுருக்கும் குடும்பத் தலைவிக்கு இது புதிய செய்தியாக இராது.

வயிற்றின் குடிமக்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவார்கள் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சூபாபுல் என்ற மரத்தை நம்மில் பலர் அறிவோம். ஆட்டுக்குத் தழையாக வெட்டிப் போடுகிறோம். அதன் இலையில் ஒரு நச்சுப்பொருள் உள்ளது. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது. கழுத்துக் கழலை கண்டது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே வயிறு நிறையத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைத் தேடிப் போனார். ஆட்டில் வேறுபாடு இல்லை. ஹவாய் ஆட்டின் வயிற்றுச் சாற்றில் இருந்த ஒரு பாக்டீரியா அந்த நஞ்சைச் சிதைத்துவிடுகிறது என்று கண்டார். அந்தச் சாற்றை எடுத்துவந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் சேர்த்தார்கள். அவையும் பிழைத்தன. 1992-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்துச் சூட்டினார்கள். ஆகவே, ஓர் ஆட்டை வாங்கும்போது நாம் ஆட்டை மட்டும் வாங்குவதில்லை. அது மேய்ந்த காட்டையும் அதன் வயிற்றில் சேர்த்தே வாங்கி வருகிறோம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, பலமுறை ஓதிக்கொடுத்த ஒரு ஹதீஸ் எனக்குப் புதிதாகக் கேட்டது. செழிப்பான நிலத்தின் வழியே பயணம் போனால் ஒட்டகங்களை மேயவிட்டு அவற்றின் பங்கைக் கொடுக்க வேண்டும். பஞ்சம் நிலவும் நிலத்தின் வழியே போனால் தாமதிக்காமல் விரைந்து கடந்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. பஞ்ச நிலத்தில் விரைவது பிராணியை வருத்துவதாகாதா என்று ஒரு மாணவர் முன்பு என்னிடம் கேட்டிருந்தார். ஏதோ சமாளித்தேன். இப்போது சொல்வேன்: வறண்ட நிலத்தில் நின்று மேயவிட்டால் பிராணிக்குக் கிடைப்பது சொற்பம், செலவாவது அதன் உடற்சேமிப்பு. அச்சேமிப்பு தீருமுன் தண்ணீரும் புல்லும் உள்ள இடத்தில் கொண்டு சேர்ப்பதே அதற்குச் செய்யும் இரக்கம். மக்காவாசிகளின் ஆடுகளை இளமையில் மேய்த்த நபி (ஸல்) அவர்களுக்கு ஆட்டின் பசியும் காட்டின் வறட்சியும் தெரிந்தே இருந்தன.

இனி, நான் கொடுத்தனுப்பிய வாளிக்குத் திரும்புவோம்.

மாதக் கணக்கில் சருகும் நெற்றும் தின்ற ஆட்டின் வயிற்றில், மாவை உண்ணும் நுண்ணுயிர்கள் சிறுபான்மையாக இருந்தன. திடீரென்று ஒரு வாளிச் சோறு உள்ளே போயிற்று. சோறு என்பது வெந்து குழைந்த மாவுப்பொருள். மெல்ல வேண்டியதில்லை, அசை போட வேண்டியதில்லை. ஆகவே காரம் கலந்த உமிழ்நீரும் ஊறவில்லை. அச்சிறுபான்மை இனம் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகித் தொட்டியைக் கைப்பற்றிக்கொண்டது. அது உண்டாக்குவது லாக்டிக் அமிலம். பாலைத் தயிராக்கிப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். வயிற்றில் வழக்கமாக ஊறும் அமிலங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலியது. அதை உண்டு குறைக்கவல்ல வேறு நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நாட்கள் வேண்டும்; அந்த அவகாசம் கிடைக்கவில்லை. உறிஞ்சும் பூக்களோ கோடையில் குட்டையாகிக் கிடந்தன.

வயிற்றின் பி.எச். அளவு ஆறுக்கு மேலிருந்து ஐந்துக்கும் கீழே சரிந்தது. நாரை உடைக்கும் நல்ல இனங்கள் மடிந்தன. புளித்த வயிறு உடம்பிலிருந்த நீரையெல்லாம் தன்பால் இழுத்தது. வெளியே பார்ப்பவருக்கு வயிறு உப்பியிருக்கும். உள்ளே உடல் வறண்டுகொண்டிருக்கும். அமிலம் இரத்தத்திலும் ஏறியதும் ஆடு சாய்ந்தது. மாதக் கணக்கில் வறட்சியைத் தாங்கி வந்த பிராணியை ஒரு வேளை விருந்து சாய்த்துவிட்டது.

நோன்பு திறக்கும்போது நாம் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் கஞ்சியுமாக வயிற்றை மெல்ல எழுப்புகிறோம். ஒரு பகல் பட்டினி கிடந்த நமக்கு அந்த நிதானம். ஒரு கோடையே பட்டினிபோல் கிடந்த ஆட்டுக்கு நான் ஒரு வாளி.

இதைக் கண்ணேறு என்று லாத்தா நம்பிக்கொண்டிருக்க விடுவது ஆகாது என்று தோன்றிற்று. பெருநாளுக்கு முந்தைய நாள் மீண்டும் போய், என்னை அறியாமல் நேர்ந்தது என்றாலும் காரணம் நான் அனுப்பிய சோறுதான் என்று சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “வயிறு நிறைஞ்சுதான் செத்துச்சுன்னு ஆறுதலா இருந்தேன். அதுவும் இல்லைங்கிறீங்களே, ஹஜ்ரத்” என்றார். அந்த ஆண்டு மாட்டுக் குர்பானியில் அவருக்கென ஒரு பங்கு சேர்த்தோம். ஆட்டின் விலையை நான் தவணையாகக் கொடுத்துத் தீர்த்தேன்.

வாசகர்களே! பிறை ஆண்டு குறுகியது. பெருநாள் ஆண்டுதோறும் பதினொரு நாளளவு முன்னே நகர்கிறது. 2024-இல் ஜூன் 17. 2025-இல் ஜூன் 7. இனிச் சில ஆண்டுகளுக்கு அது மே மாதத்துக்குள்ளும் அதற்கு முன்னும் வரும். அதாவது, நீங்கள் வாங்கும் ஆடு வறட்சிக்கென்று வயிற்றை ஆயத்தம் செய்துகொண்டு வந்த ஆடாகவே பெரும்பாலும் இருக்கும். குர்பானிப் பிராணியைக் கொழுக்க வளர்ப்பது மதீனாவில் இருந்த வழக்கம் என்று அபூஉமாமா (ரஹ்) அவர்கள் கூறியிருப்பதை புகாரீ இமாம் பதிவுசெய்துள்ளார்கள். கொழுக்க வளருங்கள், ஆனால் நாட்கள் எடுத்துக்கொண்டு வளருங்கள். பெருநாளுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆட்டை விற்பவரிடம் அது என்ன மேய்ந்தது என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் அதையே கொடுங்கள்: காய்ந்த கடலைக்கொடி, சோளத்தட்டை, வேம்பு, பூவரசு, உடை மரத் தழை. தவிடோ தானியமோ கொடுப்பதானால் ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தானியத்துக்கு முன்னால் வயிற்றில் கொஞ்சம் உலர்தீவனம் இருக்கட்டும். பத்து நாளைக்கு முன்புதான் வாங்க முடிந்ததா? கொழுக்கவைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தழையும் தண்ணீரும் போதும். சோறு, கஞ்சி, பிரியாணி மீதம், இட்லி மாவு, பழத்தோல் குவியல் எதுவும் வேண்டாம். அன்பு மிகுதியால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவந்து ஊட்டுவார்கள். பத்துத் தட்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகிறது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

தவறி நேர்ந்துவிட்டால், ஆடு அசை போடுவது நின்று, பல்லைக் கடித்து, இடப்பக்கம் உப்பினால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். சோடாக் கரைசல் உட்படச் சிகிச்சை உண்டு; ஆனால் எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு நாள் தாமதமே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகிவிடுகிறது.

2025-இல் லாத்தா மீண்டும் ஒரு கிடா வாங்கினார். இம்முறை பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பு. வீட்டுக் கொல்லையில் கட்டி, கடலைக்கொடியும் வேப்பந்தழையும் போட்டு வளர்த்தார். விவரம் அறியாத புதிய மாணவன் ஒருவன், மதரஸா அடுக்களையில் மீந்த சோற்றை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றிருக்கிறான். “ஹஜ்ரத் அனுப்பினாங்களா?” என்று கேட்டுவிட்டு, வாளியைத் தொடக்கூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.